மூன்று நாள் சீட்டு!

திருப்பூர் என்றால் பனியன். பனியன் என்றால் திருப்பூர். அந்த ஊரில் 2020-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி தையல் எந்திரங்களின் ஓசை அடங்கியது. கொரோனா ஊரடங்கு!

பிறகு கம்பெனிகள் திறந்தன. ஆனால் நோய் விடவில்லை. 2021 ஜூனில், நோய் குறையாத 11 மாவட்டங்களைத் தமிழக அரசு தனியே பிரித்தது. அவற்றில் திருப்பூரும் ஒன்று.

அந்தக் காலத்தில்தான் ஒரு சீட்டுக்கு மதிப்பு வந்தது. "நோய் இல்லை" என்று சொல்லும் சோதனைச் சீட்டு!

எல்லையில் சீட்டு

திருப்பூருக்குப் பக்கத்தில்தான் கேரள எல்லை. 2021 ஆகஸ்டு 5 முதல், கேரளாவில் இருந்து தமிழ்நாட்டுக்கு வருவோர் 72 மணி நேரத்துக்குள் எடுத்த சோதனைச் சீட்டைக் காட்டவேண்டும் என்று விதி வந்தது. இல்லாவிட்டால், இரண்டு தடுப்பூசி போட்டு 14 நாள் ஆகியிருக்கவேண்டும்.

அது என்ன 72 மணி நேரம்? நோய் இல்லை என்றால் இல்லைதானே! மூன்று நாளில் சீட்டு ஏன் செல்லாமல் போகிறது?

கறை படாத பனியன்

நேற்று செக்கிங்கில் "பாஸ்" ஆன பனியனில் இன்று எண்ணெய்க் கறை படலாம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். மூக்கில் சளி எடுத்த நேரத்தில் கிருமி தென்படவில்லை. சீட்டு சொல்வது அவ்வளவுதான். மறுநாள் பஸ்சில் வரும்போது நோய் தொற்றலாம்.

இன்னொன்றும் உண்டு. கிருமி உடம்பில் புகுந்த உடனே சோதனையில் சிக்காது. அது பெருகவேண்டும். காய்ச்சல், இருமல் தெரிய 2 முதல் 14 நாள் வரை ஆகலாம்.

சோதனையும் லேசானது அல்ல. சளியில் உள்ள கிருமியின் மரபுப்பொருளை எந்திரம் இரட்டித்துக்கொண்டே போகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இப்படி 30 தடவை இரட்டித்தால், ஒன்று 100 கோடிக்கு மேல் ஆகிவிடும்! ஆனால் எடுத்த சளியில் கிருமியே வராவிட்டால், எந்திரம் என்ன செய்யும்?

நாற்பது நாள் காவல்

சோதனை இல்லாத காலத்தில் காத்திருப்புதான் ஒரே வழி. வெனிஸ் நகரில் கப்பல்களை 40 நாள் தள்ளி நிறுத்தினார்கள். வெள்ளையர் ஆட்சியில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் தமிழர்களையும், இராமேசுவரம் அருகே மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகே கப்பல் ஏற்றினார்கள்.

நாற்பது நாள் காவல் மூன்று நாள் சீட்டாகச் சுருங்கியது பெரிய முன்னேற்றமே!

கூலி யார் தருவது?

ஆனால் ஒரு கேள்வி. சனிக்கிழமை சம்பளத்தை நம்பி இருக்கும் தொழிலாளி, முடிவு வரும்வரை அறையில் முடங்கினால் அந்த நாள் கூலி யார் தருவது? கூலி போகும் என்று பயந்தால், அவர் காய்ச்சலை மறைத்துவிட்டு வேலைக்கு வருவார். ஒரே அறையில் ஐந்தாறு பேர் தங்கும் ஊரில் அதன் விளைவு என்ன ஆகும்? காத்திருக்கும் நாளுக்குக் கூலி கொடுத்தால், நோயை மறைக்க அவசியம் இராது. முதலாளிக்கும் அதுவே லாபம்.

2023 மே 5-ந் தேதி, கொரோனா அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று எல்லையில் சீட்டு கேட்பது இல்லை. ஆனால் கிருமி ஒழிந்துவிடவில்லை.

எனவே, சோதனையில் "இல்லை" என்று வந்தாலும், காய்ச்சலும் இருமலும் இருந்தால் தனியே இருங்கள். முகக்கவசம் அணியுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூச்சுத் திணறினால் உடனே டாக்டரிடம் போங்கள்.

சீட்டு மூன்று நாளைக்கு. எச்சரிக்கை எந்நாளும்!