பீப்பாய் பாடுகிறது, பெயர் எங்கே?

கிதாரும் முரசும் சலித்துவிட்டனவாம்! மேலைநாட்டு ராக் இசைக்காரர்கள் புதிய இசைத்தட்டுப் போட உட்காரும்போதெல்லாம் இந்தப் பேச்சு எழுகிறது. யாரும் கேட்டறியாத ஓசை வேண்டும், எவரும் தொடாத கருவி வேண்டும் என்று தேடுகிறார்கள். தேடட்டும், தேடுவது தவறல்ல. ஒரே குழம்பை நாள்தோறும் உண்ண யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் தோழர்களே, தேடிப் புறப்பட்டவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்று பாருங்கள். மாளிகை வாயிலிலா? மன்னர் வீட்டு இசை மண்டபத்திலா? இல்லை! ஏழையின் கொல்லைப்புறத்தில்! துறைமுகத்துக் கிடங்கில்! எண்ணெய்ப் பீப்பாய் உருளும் முற்றத்தில்!

1950களின் நடுவில் பிரிட்டனில் 'ஸ்கிஃபிள்' என்றோர் இசை பரவிற்று. போர்க்காலத்தில் வந்த உணவுப் பங்கீடு அந்த நாட்டில் 1954இல்தான் முழுதாக ஒழிந்தது. அப்படிப்பட்ட காலத்தில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை இசைக்கருவி வாங்கக் காசுக்கு எங்கே போவான்? தாய் துணி துவைக்கும் வாஷ்போர்டை எடுத்தான், தையற்காரர் விரலுறையை மாட்டிக்கொண்டு அதன் நெளிவுகளில் உரசினான், தாளம் பிறந்தது. தேயிலை வந்த பெட்டியைக் கவிழ்த்தான். அதன்மேல் துடைப்பக் கழியை நிறுத்தினான். பெட்டியின் நடுவிலிருந்து கழியின் உச்சிக்கு ஒரு கயிறு கட்டினான். கழியைச் சாய்த்தால் கயிறு தளரும், ஓசை தாழும். நிமிர்த்தினால் கயிறு விறைக்கும், ஓசை உயரும். ஆளுயர வாத்தியம் செய்கிற வேலையைக் காசில்லாப் பெட்டி செய்தது!

வாஷ்போர்டு ஒலிக்க லோனி டோனகன் பாடிய 'ராக் ஐலண்ட் லைன்' 1956இல் பிரிட்டனெங்கும் முழங்கிற்று. அந்தப் பாட்டும் அவர் வீட்டுப் பாட்டல்ல. அமெரிக்காவில், ஆர்க்கன்சா சிறைக் கைதிகள் பாடிக்கொண்டிருந்தது, 1934இல் ஒலிப்பதிவானது. லிவர்பூலில் ஜான் லெனன் என்ற பள்ளி மாணவன் தொடங்கிய 'குவாரிமென்' குழுவிலும் தேயிலைப் பெட்டி இருந்தது. 1957 ஜூலை 6இல், ஒரு தேவாலய விழாவில் அந்தக் குழு வாசித்த அன்றுதான் பால் மெக்கார்ட்னி லெனனைச் சந்தித்தார். பின்னாளில் உலகையே ஆட்டிப் படைத்த பீட்டில்சுக்குக் கால்கோள் நடந்த இடம் அது.

அந்தப் பெட்டிகள் எங்கிருந்து வந்தன? இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிப் போனவை. இலங்கை மலைநாட்டில் கொழுந்து கிள்ளியவர் யார்? தமிழர்! 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து நின்ற தமிழர்! எந்தப் பெட்டி எந்தத் தோட்டத்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. லெனன் பெயரை உலகம் அறியும். அந்தப் பெட்டியை நிரப்பிய கைகளை யார் அறிவார்?

டிரினிடாட் தீவின் கதை இன்னும் காரமானது. முன்பு அடிமைகளாய் இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் திருவிழாவில் முரசறைந்து ஆடினர். வெள்ளை ஆட்சிக்கு அந்த ஓசை கலகத்தின் ஓசையாகக் கேட்டது. 1880களில் முரசுக்குத் தடை போட்டார்கள்! முரசுதானே கூடாது என்று மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டனர். 1930களில் மூங்கில் போய்த் தகர டப்பா வந்தது. பிறகு, எண்ணெய் எடுக்கும் அந்தத் தீவில் மலிந்து கிடந்த காலிப் பீப்பாய் வந்தது.

பீப்பாயை இசைக்கருவியாக்குவது விளையாட்டு வேலையன்று. அடித்தட்டைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கிண்ணம்போல் குழிக்க வேண்டும். இரும்பு கிழிந்துவிட்டால் அத்தனை உழைப்பும் பாழ். ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் வரைந்து, எல்லை கொத்தி, பக்கத்தை வெட்டி, நெருப்பில் காய்ச்சி, பிறகு சிறு சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். பட்டறையில் வேலை செய்யும் தோழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கைக்கும் காதுக்கும் ஒருசேர வேலை! இதைச் செய்தவர்களைக் கனதனவான்கள் என்ன சொன்னார்கள்? காலிகள் என்றார்கள். அந்தக் 'காலிகள்' 1951இல் லண்டன் போய், 'பிரிட்டன் விழா'வில் வாசித்துக் கேட்டவர்களை அசர வைத்தனர். 1967இல் 'ஹாலீஸ்' என்ற ஆங்கில ராக் குழு 'கேரி ஆன்' என்ற பாட்டில் இந்த ஸ்டீல் பேனை ஒலிக்க வைத்தது. 1992இல் டிரினிடாட் அதைத் தன் தேசிய இசைக்கருவி என்று அறிவித்தது.

இன்னொரு கருவியும் உண்டு. அதைப் பற்றித் தொழிற்சங்கத் தோழர்கள் கட்டாயம் அறிய வேண்டும். பெயர் மெல்லோட்ரான். 1963 முதல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் செய்து விற்றார்கள். பார்வைக்கு ஆர்மோனியத்தின் அண்ணன். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஓர் ஒலிநாடா. கட்டையை அழுத்தினால், யாரோ எப்போதோ வாசித்துப் பதிவு செய்த குழலோ வயலினோ எட்டு வினாடி போல ஒலிக்கும். 1967இல் வந்த பீட்டில்ஸ் பாட்டு 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' தொடங்கும்போது கேட்கும் குழலோசை இதுதான்; அங்கே குழல் ஊதியவர் எவருமில்லை! பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் கவலை கொண்டது. கொள்ளாதா? ஒருமுறை ஊதியதற்குக் கூலி ஒருமுறை. ஒலிப்பதோ ஓராயிரம் முறை! நூலாலையில் புது இயந்திரம் வந்து இறங்கும்போது நாம் கேட்கும் கேள்வியைத்தான் அவர்களும் கேட்டார்கள்: வேலை என்னாகும்?

இன்று நாடாவும் தேவையில்லை. கணிப்பொறியில் ஒரு பொத்தானைத் தட்டினால் டிரினிடாட் பீப்பாய் பேசும். அழகாகவே பேசும், மறுக்கவில்லை. ஆனால் சம்மட்டி பிடித்தவன் அந்த அறையில் இல்லை.

ஆகவே, புதிய கருவி தேடும் ராக் கலைஞரே, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பீப்பாயை எடுங்கள், தேயிலைப் பெட்டியை எடுங்கள், வாஷ்போர்டையும் எடுங்கள். கருவியோடு அதை வாசிப்பவரையும் அழையுங்கள். பேசிய கூலியைக் கொடுங்கள். தட்டின் உறையில் அவர் பெயரை அச்சிடுங்கள்.

நடவாத காரியம் என்பார்களோ? நடந்திருக்கிறது. 1966இல் பீட்டில்சின் 'ரிவால்வர்' இசைத்தட்டில் ஒரு பாட்டுக்குத் தபலா வாசித்தவர் அனில் பகவத். அவர் பெயர் உறையில் அச்சாயிற்று. மறு ஆண்டே 'சார்ஜன்ட் பெப்பர்' வந்தது. ஜார்ஜ் ஹாரிசன் பாடிய 'விதின் யூ விதவுட் யூ' பாட்டுக்கு லண்டனில் வாழ்ந்த இந்தியக் கலைஞர்கள் வந்து தில்ரூபாவும் தபலாவும் வாசித்தனர். அவர்கள் வாசிக்காவிட்டால் அந்தப் பாட்டே இல்லை. உறையின் முகப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட புகழ்பெற்றவர்களின் உருவங்கள். பின்புறத்தில் எல்லாப் பாட்டுகளின் வரிகளும். தில்ரூபா வாசித்தவர் பெயருக்கு மட்டும் அந்த உறையில் ஒரு வரி இடம் கிடைக்கவில்லை.