மறுபோட்டியும் நடுவுநிலைமையும்

ஒருமுறை வென்றவர், தம்மிடம் தோற்றவரோடு மீண்டும் மோதக் கடமைப்பட்டவரா? மோதாதுவிடின், அவர் அஞ்சி ஒதுங்கினார் எனக் கொள்ளலாமா? விளையாட்டுலகில் நெடுங்காலமாக எழுந்துவரும் வினா இது. 2019 ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெண்கள் குத்துச்சண்டையிலும் இவ்வினா வலுவாக எழுந்தது. ஒருபுறம் மணிப்பூரின் மேரி கோம்; மறுபுறம் தெலங்கானாவிலுள்ள நிசாமாபாத்தைச் சேர்ந்த நிகத் ஜரீன்.

மேரி கோம் ஆறு முறை உலகப் பட்டம் வென்றவர். 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றவர். நிகத் ஜரீன் அவரினும் பதின்மூன்று ஆண்டுகள் இளையவர். 2011 இல் இளையோர் உலகப் பட்டம் வென்றவர். 2019 மே மாதம் கௌகாத்தியில் நடைபெற்ற இந்திய ஓப்பன் போட்டியின் 51 கிலோ பிரிவு அரையிறுதியில் இருவரும் மோதினர். மேரி கோமே வென்றார்.

அவ்வாண்டின் உலகப் போட்டிக்குத் தகுதித் தேர்வு நடத்தப்படாமலே மேரி கோம் அனுப்பப்பட்டார்; வெண்கலத்துடன் திரும்பினார். அடுத்து, ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கும் அவரையே நேரடியாக அனுப்பக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு எண்ணியது. நிகத் வாளாவிருக்கவில்லை. தமக்கு நேர்மையான தேர்வுப் போட்டி வேண்டுமென விளையாட்டுத் துறை அமைச்சருக்கு மடல் எழுதினார். அவர் கேட்டது இடம் அன்று, வாய்ப்பு மட்டுமே.

மேரி கோம் ஒதுங்கினாரா? சான்றுகளைச் சீர்தூக்கின், அச்சத்தால் ஒதுங்கினார் என்பதற்கு இடமில்லை. சில திங்களுக்கு முன்புதான் அவர் நிகத்தை வென்றிருந்தார்; கூட்டமைப்பின் முடிவுக்குக் கட்டுப்படுவதாகவும் கூறினார். எனினும், வென்றவருக்கு விலக்களிப்பதே ஐயத்துக்கு வித்தாகிறது என்பதை மறுத்தல் இயலாது. அவ்விலக்கை அளிக்க முனைந்தது கூட்டமைப்பே.

நம் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில், நேற்று நிறுத்த எடையைச் சொல்லி இன்றைய மூட்டையை எவரும் விற்பதில்லை. தராசில் மீண்டும் ஏற்றியே ஆகவேண்டும். நிறுவையை நீதியுடன் நிலைநிறுத்துமாறு திருக்குர்ஆன் பணிக்கின்றது. நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும் துலாக்கோலையே உவமையாக்கினார். தகுதியும் அவ்வாறே அவ்வப்போது நிறுக்கப்பட வேண்டியது.

இறுதியில் 2019 டிசம்பர் 28 அன்று தில்லியில் தேர்வுப் போட்டி நடைபெற்றது. மேரி கோம் 9-1 என வென்றார். போட்டிக்குப் பின் அவர் கைகுலுக்க மறுத்தது வருந்தத்தக்கதே. ஆயினும் அவ்வெற்றி, எவரும் கேள்வி எழுப்ப இயலாத தகுதியை அவருக்கு அளித்தது. அவர் டோக்கியோ ஒலிம்பிக்கிற்கும் சென்றார்.

தோற்ற நிகத் பெற்றது யாது? தம் குறை எதுவென்னும் தெளிவு. பயிற்சியைத் தொடர்ந்த அவர், 2022 மே மாதம் இஸ்தான்புல்லில் உலகப் பட்டம் வென்றார். 2023 இல் புதுதில்லியில் மீண்டும் வென்றார்.

மாணவச் செல்வங்களே! வாய்ப்பு மறுக்கப்படின் முறைப்படி கேளுங்கள்; கிடைத்தபின் தோற்பின் முடிவை ஏற்று உழையுங்கள். பொறுப்பில் அமர்ந்துள்ள பெரியோர், வென்றவர் புகழைப் போற்றும் அதே வேளையில், இளையோர் ஏறுவதற்குரிய மேடையையும் திறந்தே வைத்தல் வேண்டும். மறுபோட்டி என்பது வென்றவருக்கு இழுக்கன்று; அவர் வெற்றிக்கு இடப்படும் முத்திரையாகும்.