டேப்லெட்: படம் பார்க்கவா, வேலை பார்க்கவா?

உள்கடன் வாங்கி டேப்லெட் வாங்கலாமா என்று பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் நம் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். எதற்கு என்பதை முதலில் முடிவு செய்வோம்.

பொழுதுபோக்கு தப்பில்லை. சீரியல் பார்க்க பெரிய திரையும் நல்ல சத்தமும் போதும்; அதற்குக் கடன் வேண்டாம், சேமித்து வாங்குவோம். வியாபாரக் கணக்கு, குழுத் தீர்மானம், பிள்ளைகள் படிப்பு என்றால் வேகம், ரேம், சிம் போடும் வசதி பார்க்கணும்.

விலை மலிவு மட்டும் போதாது. 2011-இல் மத்திய அரசு மாணவர்களுக்காக வெளியிட்ட ‘ஆகாஷ்’ மலிவுதான். ரேம் 256 எம்.பி., திரையை அழுத்தித் தொடணும். 2012-இல் ஆகாஷ்-2 வந்தபோது ரேம் 512 ஆனது, லேசாகத் தொட்டாலே போதும். இன்று வேலைக்கு 4 ஜி.பி.க்குக் குறையாமல் கேளுங்கள்.

வாங்குமுன் தமிழில் நாலு வரி அடித்துப் பாருங்கள். வெயிலில் திரை தெரிகிறதா பாருங்கள். ஈரக் கையால் தொட்டால் திரை சரியாகக் கேட்காது. உப்புக் காற்று சார்ஜ் போடும் இடத்தை அரிக்கும்; உறை அவசியம்.

10,000 ரூபாய் கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்து மாதத் தவணை என்றால் முதல் மாதம் 1,100 ரூபாய் கட்டணும். அந்தக் காசை டேப்லெட் சம்பாதித்துத் தருமா? கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம்.