போய் வருகிறேன் என்று சொன்னவர்கள்

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒன்றை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வேலை இருக்கும் வரைதான் வீடு. வேலை போனால் வீடு போகும். வீடு போனால் பக்கத்து வீடும் போகும். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய இழப்பு என்பது நமக்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிகிறது.

இதை எனக்குப் புரிய வைத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள் அல்லர். அமெரிக்காவில் வேனையே வீடாக்கிக் குடியிருக்கும் வயதானவர்கள் சிலர். அவர்கள் கதையைச் சொல்லி, அதோடு என் சொந்தக் கடன் ஒன்றையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

2021இல் பள்ளிகள் மூடிக் கிடந்த நாள்களில் 'நோமேட்லேண்ட்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தேன். அந்த ஆண்டு சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை என மூன்று ஆஸ்கார் விருதுகள் பெற்ற படம் அது. ஜெசிகா புரூடர் என்ற பத்திரிகையாளர் 2017இல் வெளியிட்ட அதே பெயருடைய நூலை ஒட்டி எடுக்கப்பட்டது. படத்தில் வருகிறவர்களில் பலர் நடிகர்கள் அல்லர். உண்மையாகவே வேனில் வாழ்கிறவர்கள். பிறகு அந்த நூலையும் தேடிப் படித்தேன்.

அங்கேயும் ஒரு 'தோட்டம்'

நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்ற சிற்றூர். அங்கே பால்மரம் இல்லை, செம்பனை இல்லை. பூமியிலிருந்து ஜிப்சம் என்ற கல்லை வெட்டி, வீட்டுச் சுவருக்கான பலகை செய்யும் ஆலை இருந்தது. ஊரில் உள்ள வீடுகள் எல்லாம் ஆலைக்காரர்களுக்குச் சொந்தம். நம் லயம் மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2008இல் அமெரிக்காவில் வீட்டுக் கடன் நெருக்கடி முற்றியது. புது வீடு கட்டுவார் குறைந்தனர், சுவர்ப்பலகை விற்கவில்லை. 2011 ஜனவரி 31ஆம் நாள் ஆலையை மூடிவிட்டார்கள். அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் குடும்பங்கள் வெளியேறின. ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்கூட நீக்கப்பட்டது. இதைப் பார்த்தபோது என் நெஞ்சு 'திக்'கென்றது. கடிதம் எழுதினாலும் போய்ச் சேராத ஊர்! நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஓர் ஊர் இருக்கிறது!

படத்தின் நாயகி அவ்வூரிலிருந்து வேனில் கிளம்பும் ஒரு விதவை. அவள் கற்பனைப் பாத்திரம். ஆனால் லிண்டா மே கற்பனை அல்லர். அறுபது வயதைத் தாண்டியவர், பேரப்பிள்ளைகள் உடையவர். ஆயுள் முழுதும் உழைத்தவருக்குக் கிடைத்த ஓய்வுத்தொகை மாதம் ஏறக்குறைய 500 டாலர். அந்த நாட்டு வாடகைக்கு அது எந்த மூலைக்கு? 1974இல் செய்யப்பட்ட சிறிய டிரெய்லர் ஒன்றை வாங்கி அதையே வீடாக்கிக்கொண்டார். கோடையில் மலைப்பக்கத்து முகாம்களில் கழிப்பறை கழுவும் வேலை. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பெரிய கிடங்குகளில் இரவெல்லாம் நடந்து சாமான் எடுக்கும் வேலை. இப்படிப் பருவத்துக்குப் பருவம் ஊர் மாறிப் பிழைத்தவர் இவர் ஒருவர் மட்டுமல்லர்.

பதினான்கு நாள் அக்கம்பக்கம்

இப்படி ஊர் ஊராகப் போகிறவர்களுக்குச் சிநேகிதம் எங்கிருந்து வரும்? பக்கத்து வீடே இல்லாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் யார்?

இங்கேதான் பாப் வெல்ஸ் என்பவர் வருகிறார். பேரங்காடியில் வேலை செய்தவர். 1995இல் மணமுறிவுக்குப் பிறகு வாடகைக்கு வழியில்லாமல், அலாஸ்காவில் ஒரு பழைய பெட்டி லாரியை வாங்கி அதில் குடியேறினார். முதல் இரவு அழுதுகொண்டே தூங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு அந்த வாழ்க்கை பழகியது. தாம் கற்றதை மற்றவர்களுக்கு எழுதிச் சொல்லத் தொடங்கினார்.

2011 ஜனவரியில் அரிசோனா மாநிலத்தின் குவார்ட்சைட் என்ற ஊருக்கு வெளியே உள்ள பாலைநிலத்தில், எல்லாரும் ஒருமுறை கூடுவோம் என்று அழைத்தார். ஏறத்தாழ 45 வண்டிகள் வந்தன. சில ஆண்டுகளில் அதுவே ஆயிரக்கணக்கானோர் கூடும் ஆண்டுக் கூட்டமாகிவிட்டது.

அங்கே என்ன செய்கிறார்கள்? பகலில் பாடம் நடக்கிறது. வண்டிக்குள் சமைப்பது எப்படி, சூரிய ஒளியில் மின்சாரம் எடுப்பது எப்படி, இரவில் எங்கே பயமில்லாமல் நிறுத்துவது, வாளியைக் கழிப்பறையாக வைத்துச் சுத்தமாக இருப்பது எப்படி என்று தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். ஒரு விரிப்பின்மேல் வேண்டாத பொருளை வைத்துப் போகலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். காசு பேச்சு இல்லை. மாலையில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேச்சு. ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்து ஒரே பாத்திரத்தில் காய்ச்சிய சூப்பும் உண்டு. நம் தோட்டத்துக் கோயிலில் கூழ் காய்ச்சுவது நினைவுக்கு வரவில்லையா?

ஆனால் இந்த அக்கம்பக்கத்துக்கு ஆயுள் குறைவு. அரசின் பொது நிலத்தில் பெரும்பாலும் 14 நாள்தான் காசில்லாமல் தங்கலாம். பிறகு வண்டியைக் கிளப்பியே ஆக வேண்டும். அந்தப் பதினான்கு நாளுக்குள் ஒருவர் பெயரை ஒருவர் தெரிந்துகொண்டு, துக்கத்தைக் கேட்டு, டயரை மாற்றிக் கொடுத்து, நன்றியையும் சொல்லிவிட வேண்டும். 'நாளைக்குச் சொல்லலாம்' என்பதற்கு அங்கே இடமில்லை.

பாப் வெல்ஸ் தம் மகனைப் பறிகொடுத்தவர். பிறருக்கு உதவுவதே அந்த மகனுக்குத் தாம் செய்யும் மரியாதை என்று படத்தில் சொல்கிறார். இந்த வாழ்க்கையில் இறுதியாக விடைபெறுவது என்பதே கிடையாது, பாதையில் எங்காவது மறுபடி சந்திப்போம் என்பதுதான் அவர் நம்பிக்கை. இதைக் கேட்டபோது எனக்கு வியப்பாகவே இல்லை. 'போகிறேன்' என்று சொல்லாதே, 'போய் வருகிறேன்' என்று சொல் என்று நம் பாட்டிமார் சொல்லித் தந்தது இதைத்தானே?

இதெல்லாம் இன்பமான வாழ்க்கை என்று நான் சொல்ல வரவில்லை. குளிர் உண்டு, நோய் உண்டு, நள்ளிரவில் கதவைத் தட்டி விரட்டுவார் உண்டு. முதுமையில் வீடில்லாமல் இருப்பது எந்த நாட்டிலும் கொடுமைதான். அந்தக் கொடுமைக்கு நடுவிலும் அவர்கள் சிநேகிதத்தை அதன் போக்கில் விட்டுவிடவில்லை. அதற்கென்று ஓர் இடமும் நாளும் குறித்தார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் கடன்

எங்கள் தோட்டம் கைமாறியபோது எனக்குப் பதினேழு வயது. எதிர் லயத்தில் ஓர் அத்தை இருந்தார். உறவு ஒன்றுமில்லை; தோட்டத்தில் எல்லாரும் அத்தை, மாமாதானே! அம்மா விடியுமுன் பால்வெட்டப் போய்விடுவார். எனக்கும் தங்கைக்கும் தலைவாரிப் பின்னி, ரிப்பன் கட்டி, கோப்பியும் ரொட்டியும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியது அந்த அத்தைதான். ஆறு வருடம்! ஒரு நாள்கூட அவர் அதைப் பெரிதாகப் பேசியதில்லை.

லாரியில் சாமான் ஏற்றிய அன்று, பிஸ்கட் டின் நிறைய முறுக்கு கொண்டுவந்து கொடுத்தார். "போயிட்டு வா, தங்கச்சி" என்றார். "வரேன், அத்தை" என்றேன். வரவில்லை. பயிற்சிக் கல்லூரி, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. பாலைவனத்தில் 14 நாளில் செய்கிறதை நான் இத்தனை ஆண்டுகளில் செய்யவில்லை.

படம் பார்த்த பிறகு மனம் கேட்கவில்லை. லயங்கள் இல்லாவிட்டாலும் எங்கள் தோட்டத்துக் கோயில் இன்னும் இருக்கிறது. கட்டுப்பாடுகள் தளர்ந்த பின் வந்த திருவிழாவுக்குப் போனேன். பழைய முகங்களிடம் விசாரித்தேன். அத்தை பட்டணத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில், நான்காம் மாடியில் இருக்கிறார், முழங்கால் வலியால் கீழே இறங்குவதில்லை என்றார்கள். மறு ஞாயிறே தங்கையையும் அழைத்துக்கொண்டு படியேறினேன்.

அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் அருகில் இழுத்து, என் தலையைத் தடவிப் பார்த்தார். "என்னடா இது, முடியெல்லாம் கொட்டிப் போச்சே. இப்ப யாரு பின்னி விடுறா?" என்று கேட்டார். நான் படியேறும்போது யோசித்து வைத்திருந்த பேச்சு எல்லாம் மறந்துவிட்டது. நன்றி என்று மட்டும் சொன்னேன். "பைத்தியக்காரப் பிள்ளை, இதுக்கு யாராச்சும் நன்றி சொல்வாங்களா?" என்று கோபித்துக்கொண்டார். ஆனாலும் என் கையை விடவில்லை.

வாசக அன்பர்களே, உங்களுக்கும் அப்படி ஓர் அத்தையோ, அண்ணனோ, பள்ளித் தோழியோ இருப்பார்கள். ஒரு தாளை எடுத்து அவர்கள் பெயரை எழுதுங்கள். இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பெரியவர்களைக் கேளுங்கள். உங்கள் பழைய தோட்டத்துக் கோயிலில் திருவிழா நடந்தால், அந்த நாளைத் தவற விடாதீர்கள். கோயிலும் இல்லையென்றால் நீங்களே ஒரு நாள் குறியுங்கள். ஆளுக்கொரு பாத்திரம் சோறு கொண்டு வரச் சொல்லுங்கள்.

நான் கிளம்பும்போது அத்தை வாசல் வரை சுவரைப் பிடித்து நடந்து வந்தார். "போயிட்டு வா, தங்கச்சி" என்றார். "வரேன், அத்தை" என்றேன். இந்த முறை மாதத்தில் முதல் ஞாயிறு என்று நாளையும் சொல்லிவிட்டு வந்தேன்.