தகரக் கூரையில் துருவா? முதலில் போல்ட்டைப் பாருங்கள்!

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் சாலையில் இருக்கிறது காடாம்புலியூர். முந்திரிக் கொட்டகை, மாட்டுக்கொட்டகை, மோட்டார் கொட்டகை என்று இந்தப் பகுதியில் தகரக் கூரைகளுக்குக் குறைவில்லை. 2011 டிசம்பர் 30-ம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது, முந்திரி, பலா மரங்களோடு கூரைகளும் போயின. துருவேறிப் பெரிதான போல்ட் துளை வழியாகத்தான் காற்று தகரத்தைச் சுலபமாகப் பிடுங்கும். ஆகவே, துருவைத் தடுப்பது அழகுக்காக மட்டுமல்ல. பறக்கும் தகரத்திடமிருந்து ஆளையும் மாட்டையும் காப்பதற்காகவும்தான்.

‘போன வருஷம்தான் பெயின்ட் அடித்தோம், அதற்குள் தோல் மாதிரி உரிகிறது’ என்பது பலரும் சொல்லும் குறை. பெரும்பாலும் தப்பு பெயின்ட்டில் இல்லை. அடியில் பூசிய ப்ரைமரில்தான்.

எதற்கு எந்த ப்ரைமர்?

கூரையைத் தாங்கும் இரும்பு ஆங்கிள், குழாய்களுக்கு ரெட் ஆக்சைடு ப்ரைமர் சரி. ஆனால், பூப்பூவாக வெள்ளி மினுக்குத் தெரியும் ஜி.ஐ. தகரத்தின் மேலே இருப்பது துத்தநாகப் பூச்சு. ரெட் ஆக்சைடிலும் எனாமல் பெயின்ட்டிலும் உள்ள எண்ணெய், துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு போல மாறிவிடும், பெயின்ட் உரிந்துவிடும். எனவே ‘ஜி.ஐ. தகரத்துக்கான எட்ச் ப்ரைமர்’ என்று கேட்டு வாங்குங்கள். பூச்சு போய்ச் செந்துரு ஏறிய இடங்களில் மட்டும், துருவைச் சுரண்டிவிட்டு ஜிங்க் பாஸ்பேட் ப்ரைமர் பூசலாம்.

துரு பிடிக்கும் இடங்கள்

போல்ட் துளை, தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடம், ஓரம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். பலா, முந்திரிச் சருகு கூரையில் மக்கினால் ஈரம் தங்கித் துரு பிடிக்கும். மாதம் ஒருமுறை கூட்டிவிடுங்கள். மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா தகரத்தை அடிப்பக்கமிருந்து அரிக்கும். பொட்டாஷ் உரம் உப்பு வகை. அந்த மூட்டைகளைத் தகரச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள்.

வேலை முறை

மாசி முதல் வைகாசி வரை ஏற்ற காலம். காலையில் பனி காய்ந்ததும் தொடங்கி, தகரம் கை சுடுவதற்குள் முடித்துவிடுங்கள்.

1. கம்பி பிரஷ், உப்புத்தாள் கொண்டு துருவை நீக்குங்கள். சோப்புத்தூள் கரைசலால் எண்ணெய்ப் பசையைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.
2. ஆடும் போல்ட்டையும் வெடித்த வாஷரையும் மாற்றுங்கள்.
3. ப்ரைமர் ஒரு கோட். காய்ந்ததும் பெயின்ட் இரண்டு கோட். போல்ட் தலையைச் சுற்றிக் கூடுதலாக ஒரு கோட். ஒரு லிட்டர், ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வரும். நெளி தகரத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடும்.

ப்ரைமரோடு நிறுத்திவிடாதீர்கள். அது தண்ணீரை இழுக்கும். மேலே பெயின்ட் இல்லாவிட்டால் அடியில் மறுபடி துரு பிடிக்கும்.

துருவேறிய தகரத்தில் நேராகக் கால் வைக்காமல், பலகை போட்டு ஏறுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம்; மாடு நக்கினால் உயிருக்கே ஆபத்து. சுரண்டும் தூள் தீவனத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் விழாமல் சாக்கு விரித்துப் பிடியுங்கள்.

வாசகர் கேள்வி

முந்திரி ஓட்டு எண்ணெயையோ, பழைய இன்ஜின் ஆயிலையோ கூரையில் தடவலாமா?

இரண்டும் வேண்டாம். முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து பிரிக்கும் கார்டனால், கப்பலுக்குப் பூசும் எபாக்சி பெயின்ட்டை இறுகவைக்கும் பொருள் தயாரிக்கப் பயன்படுவது உண்மைதான். ஆனால், அது ஆலையில் பக்குவப்படுத்திய சரக்கு. பச்சை எண்ணெய் பட்டால் தோல் வெந்து புண்ணாகும். இன்ஜின் ஆயில் மழையில் வழிந்து மண்ணிலும் தீவனத்திலும் சேரும். பிறகு அந்தத் தகரத்தில் எந்த ப்ரைமரும் ஒட்டாது.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள் ஏணி போட்டு, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். ஆடுகிற போல்ட்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.