ஓடைக்கரையை வாங்கினால் மேய்ச்சல் இனாம்

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்துத் தென்கிழக்கில் ஹார்னி வடிநிலம். இங்கே விழும் ஒரு சொட்டுத் தண்ணீரும் கடலுக்குப் போவதில்லை. சுற்றிலும் மேடு, நடுவில் மல்ஹியூர், ஹார்னி ஏரிகள். ஆண்டு மழை பத்து அங்குலம் தேறினாலே பெரிது. தெற்கே ஒன்பதாயிரம் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஸ்டீன்ஸ் மலையின் பனிதான் படியளக்கிறது. வசந்தத்தில் அது உருகி, பிளிட்சன் ஆறாக இறங்கி, பள்ளத்தாக்கில் கரை மீறிப் பரவும். வெள்ளம் நின்ற இடமெல்லாம் புல் மண்டும்.

1872-இல் பீட்டர் பிரெஞ்ச் என்ற இளைஞர் கலிபோர்னியாவிலிருந்து சுமார் 1,200 மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். முதல் போட்டவர் கோதுமைப் பண்ணையார் ஹியூ கிளென். பிரெஞ்சின் கணக்கு சுலபம்: ஆற்றங்கரை கையில் இருந்தால் போதும். மாட்டுக்குத் தண்ணி காட்ட வழியில்லாத புதர்க்காட்டை வேறு யார் வாங்கப் போகிறார்கள்? அதே 1872-இல் வடக்கு பையூட் பழங்குடி மக்களுக்கென அரசு ஒதுக்கிய நிலமும் பிறகு மேய்ச்சல்காரர்கள் கைக்கு வந்தது; அரசுக்கும் பழங்குடியினருக்கும் 1878-இல் நடந்த போருக்குப் பின் அம்மக்களைக் கடுங்குளிரில் அங்கிருந்து விரட்டிவிட்டார்கள்.

சட்டமும் ஒத்தாசை செய்தது. சதுப்பு நிலமென்றால் மாநில அரசு அடிமாட்டு விலைக்குத் தரும். நிலம் சதுப்புதான் என்று காட்ட, வண்டியில் படகை ஏற்றி, அதில் உட்கார்ந்தபடி காய்ந்த தரையைக் கடந்துவிட்டு, 'படகில்தான் போனேன்' என்று சத்தியம் செய்தவர்கள் உண்டென்று மேற்கு அமெரிக்கா முழுக்க ஒரு கதை. பொய்யாகவே இருக்கட்டும், அந்தச் சட்டத்துக்குப் பொருத்தமான பொய்.

1889-90 குளிர்காலம் பாடம் புகட்டியது. பனி மூடிய தரையில் மேய வழியின்றி மந்தைகள் மடிந்தன. அதன்பின் வெள்ளப் புல்வெளியை வெறும் மேய்ச்சலுக்கு விட்டால் கட்டாது, கோடையில் அறுத்து உலர்த்திப் போர் போட்டால்தான் மாடு பிழைக்கும் என்றானது. குளிர்காலத்திலும் குதிரை பழக்க பிரெஞ்ச் கட்டிய வட்டக் கொட்டகை இன்றும் நிற்கிறது. நூறடி விட்டம், ஜூனிப்பர் மரத்தூண்கள், உள்ளே கல்சுவர் வளையம். வெளியே பனி கொட்டினாலும் குதிரை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

ஏரியோ ஓரிடத்தில் நிற்காது. 1881-இல் மணல்மேடு உடைந்து மல்ஹியூர் நீர் ஹார்னிக்குப் பாய, புதிதாகத் தரை வெளிப்பட்டது. குடியேறிகள் வந்து வேலி போட்டார்கள். நீரோரம் என்னுடையது என்றால் நீர் விலகிய நிலமும் என்னுடையதுதான் என்று பிரெஞ்ச் வழக்காடினார். 1897 டிசம்பர் 26 அன்று, வழித்தகராறில் குடியேறி எட் ஆலிவர் அவரைச் சுட்டுக் கொன்றார். ஜூரிகள் ஆலிவரை விடுவித்தார்கள். ஊர் யார் பக்கம் நின்றது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1935-இல் மத்திய அரசு பிளிட்சன் பள்ளத்தாக்கை வாங்கி, ஏரிப் பகுதியில் ஏற்கெனவே இருந்த பறவைகள் காப்பகத்தோடு சேர்த்தது. இப்போது தகராறு தரைக்குக் கீழே. குதிரைமசால் வயல்களுக்காக ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நீர்மட்டம் இறங்க, 2016-இல் புதிய பாசனக் கிணறுகளுக்கு மாநில அரசு கடிவாளம் போட்டது. ஏற்கெனவே அனுமதி பெற்ற பம்புகள் ஓடுகின்றன. பக்கத்து வீட்டுக் கிணறுகள் வற்றுகின்றன.