விரல் நுனியில் வகுப்பறை

வீடியோ பாடங்களைப் பார்வையற்ற மாணவர்களுக்குத் திறந்துவிடுபவை கீபோர்டின் நான்கைந்து விசைகள். ஆனால் எல்லாக் கதவும் திறப்பதில்லை.

கம்ப்யூட்டர் கீபோர்டில் ஜே என்ற எழுத்தின் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும். பார்வையுள்ளவர்கள் அதைக் கவனிப்பதே அபூர்வம். பார்வையற்றவர்களுக்கோ அதுதான் முகவரி. வலது கை ஆள்காட்டி விரல் அதில் பட்டுவிட்டால் நடுவிரலுக்குக் கீழே கே, மோதிர விரலுக்குக் கீழே எல். யூட்யூபில் ஜேயை அழுத்தினால் வீடியோ பத்து விநாடி பின்னால் போகும். எல் பத்து விநாடி முன்னால் தள்ளும். கே நிறுத்தும், மறுபடி ஓட்டும்.

மற்றவர்களுக்கு இதனால் நேரம் மிச்சம், அவ்வளவுதான். திரையில் நகரும் அம்புக்குறியைப் பார்க்க முடியாதவருக்கு மௌஸால் பயனில்லை. கீபோர்டுதான் வழி.

சாஃப்ட்வேர் தலைநகரான பெங்களூரில் இந்த வழியைக் கற்றுத்தர அமைப்புகள் இருக்கின்றன. பார்வையற்றவரான மது சிங்கால் 1990இல் தொடங்கிய மித்ர ஜோதி, ஒலிப் புத்தகங்களுடன் கம்ப்யூட்டர் பயிற்சியும் அளிக்கிறது. தம்பி பார்வை இழந்த அனுபவத்தின் விளைவாக, சாந்தி ராகவன் கணவர் தீபேஷ் சுதாரியாவுடன் சேர்ந்து 1999இல் ஆரம்பித்தது எனேபிள் இந்தியா. மாற்றுத் திறனாளிகளை வேலைக்குத் தயார்செய்வது அதன் பணி.

பார்வையற்றவருக்குத் துணை, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் சாஃப்ட்வேர். அமெரிக்கத் தயாரிப்பான ஜாஸ் விலை அதிகம். பார்வையற்ற இரு ஆஸ்திரேலியர்கள், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேயும், உருவாக்கிய என்.வி.டி.ஏ. இலவசம். 2006இல் தொடங்கிய இந்த முயற்சி இன்று தமிழையும் வாசிக்கிறது.

சிக்கலும் இங்கேதான். வீடியோவில் ஆசிரியர் பேசும்போதே கம்ப்யூட்டரும் பேசினால் இரண்டு குரல்களும் மோதும். உடனே நிறுத்தியாக வேண்டும். ஆனால் என்.வி.டி.ஏ. பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது கேயை அழுத்தினால் வீடியோ நிற்காது. அடுத்த இணைப்புக்குத் தாவிவிடும். எல் அடுத்த பட்டியலுக்குப் போகும். ஒரே விசைக்கு இரண்டு எஜமானர்கள். இன்ஸர்ட் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தி, அதிகாரத்தை வீடியோவுக்கு மாற்றிய பிறகே கே சொன்ன பேச்சைக் கேட்கும். இது தெரியாமல் வீடியோவே பழுது என்று நினைத்துக் கைவிடுவது எளிது.

கைவிட்டால் இழப்பு பெரிது. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் ஐ.ஐ.டி.களும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டத்தின் ஆயிரக்கணக்கான விரிவுரைகள் யூட்யூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. ரயில் நிலையத்தை ஒட்டி, தமிழர்கள் நிறைந்த ஒக்கலிபுரத்தில் இருக்கும் ஒரு மாணவர் வீட்டிலிருந்தே அந்த வகுப்பில் உட்காரலாம். புரியாத வரிக்கு ஜே. தெரிந்த பகுதிக்கு ஷிஃப்ட்டுடன் புள்ளி விசை, வேகம் கூடும். எண் விசை 5ஐத் தட்டினால் வீடியோவின் நடுப்பகுதி.

ஆனால் எல்லா இணையதளங்களும் யூட்யூப் அல்ல. மௌஸை மட்டுமே நம்பிச் செய்த பிளேயரில் 'ஓட்டு' பொத்தானைக் கீபோர்டால் தொடவே முடியாது. சிலவற்றில் உள்ளே போனால் வெளியே வர வழியிருக்காது. எல்லாவற்றையும் கீபோர்டால் இயக்க முடிய வேண்டும் என்பது 2008இல் வெளியான சர்வதேச இணைய விதிமுறைகளின் அடிப்படைப் படி.

சட்டமும் இவர்கள் பக்கம்தான். மின்னணு ஊடகங்கள் மாற்றுத் திறனாளிகளுக்கு எட்ட வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். இத்தகைய தரங்கள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஏப்ரலில் ஒரு படி மேலே போய், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பைச் செயல்படுத்த வேண்டியவர்களில் பலர் பெங்களூரின் அலுவலகங்களில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. மௌஸைக் கழற்றி வைத்துவிட்டு, தாங்கள் செய்த வீடியோவைத் தாங்களே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.